நானூறாவது நாளுக்கு முன்

தடிக்காரன்கோணம்
ஜனவரி 19

என் அன்பு மகன் ஜெபிஷுக்கு அம்மா எழுதுவது. கர்த்தரின் கிருபையால் நானும் அப்பாவும் தங்கச்சி ஸ்டெனியும் இங்கே சுகம். நீயும் சுகமா என்று கேட்டுத்தான் எப்போதும் தொடங்குவேன், இந்தத் தடவை கேட்கவில்லை மக்கா, நீ சுகமில்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. நான் சொல்லச் சொல்ல ஸ்டெனி எழுதுகிறாள், பிளஸ் ஒன் படிக்கிறவள் அல்லவா, என் பேச்சைத் திருத்தித்தான் எழுதுவாள். ஃபோனில் கேட்டால் நீ சிரித்துவிட்டு சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

உன் கம்பெனி வேலைக்காரர்களின் வீடுகளுக்கு அனுப்பிய ஆண்டு மலர் போன வாரம் கூரியரில் வந்தது. ஸ்டெனி பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லித் தந்தாள். அசாமில் நாற்பத்தொரு நாளில் ஆஸ்பத்திரி, சூரத்தில் நூற்றிருபது அறை ஹாஸ்டல், லடாக்கில் பனிக்கு நடுவே பள்ளிக்கூடம், எல்லா அறையும் புனே ஃபேக்டரியிலேயே டைல்ஸும் குழாயும் பல்பும் மாட்டி முடித்து, லாரியில் கொண்டுபோய் கிரேனால் ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பது என்று கேட்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொத்தனார் ததேயுஸ் புரட்டிப் பார்த்துவிட்டு, "கொள்ளாமே, தீப்பெட்டி அடுக்குனது மாதிரில்லா வீட்ட அடுக்குதானுவ, இனி எனக்கு சாந்துச்சட்டி எதுக்கு" என்று சொல்லிச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்கும் அதை எடுத்துப் போனேன். முந்நூறு நாள் ஒரு விபத்துமில்லாமல் வேலை நடந்ததற்காக, அந்த நாட்களை எண்ணுகிற பலகைக்குக் கீழே நீங்கள் எண்பது பேர் நிற்கிற படத்தைக் காட்டினேன், போதகரம்மா அதற்காக ஸ்தோத்திர ஜெபம் செய்தார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன்.

திரும்பி வரும் வழியில் ஸ்டெனிதான், "அம்மா, எல்லாரும் வலது கையில மூணு விரல் காட்டுதாவ, அண்ணன் மட்டும் இடது கையில காட்டுதான், வலது கைய முன்னால நிக்க ஆளுக்க முதுகுல மறச்சிருக்கான்" என்றாள். ஏட்டி, கூட்டத்தில் நிற்க இடமிருக்காது என்றேன். அவள் விடவில்லை. நீ ஆகஸ்டுக்குப் பிறகு ஒரு மெசேஜும் டைப் பண்ணவில்லையாம், எல்லாம் வாய்ஸ்தானாம். கிறிஸ்மஸுக்குக் கோவிலில் கீபோர்டு வாசிக்கக் கூப்பிட்டதற்கு லீவு இல்லை என்று சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள். வழியில் நின்றே ஃபோனை எடுத்தேன்.

உன் அறையில் இருக்கும் இரணியல் முருகதாஸைக் கூப்பிட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றான், நான் அழுததும் அவனும் அழுதான். கிரேனில் இறக்கிய அறையை நேராக்கக் கை கொடுத்தபோது இரண்டு அறைக்கும் நடுவில் உன் விரல்கள் இரண்டு மாட்டியிருக்கின்றன. சூப்பர்வைசர் பதிவேட்டை எடுத்தபோது, எழுத வேண்டாம் சார், பலகை பூஜ்யமாகிவிடும் என்று நீயே தடுத்தாயாமே. வெளியே ஏதோ கிளினிக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு, கையுறைக்குள் மறைத்துக்கொண்டு ஐந்து மாதமா மக்கா? ஒரு வருடத்துக்கு முன்னால் காலில் ஐந்து தையல் போட்ட பையனின் பெயரை எழுதியதால் பலகை பூஜ்யமானதாம், அன்றிலிருந்து அவனை ஜீரோ என்றுதான் கூப்பிட்டார்களாம், கேன்டீனில் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லையாம். "அவன் பக்கத்துல நானும் இருக்கலம்மா, ஜெபிஷும் இருக்கல, அதான் அவனுக்கு பயம்" என்றான் முருகதாஸ். நானூறாவது நாள் வெளிநாட்டு முதலாளி வந்து விருது கொடுத்துப் போன பிறகு ஊருக்கு வந்து டாக்டரிடம் காட்டுவதாக இருக்கிறாயாம். அவன் மேல் கோபப்படாதே, உன்மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னான்.

அவன் அனுப்பிய உன் விரலின் படத்தை நாகர்கோவிலில் எலும்பு டாக்டரிடம் காட்டினோம். இன்னும் சீழ் வடிகிறதென்றால் எலும்புக்குள் போயிருக்கலாம், நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றார். நானூறாவது நாள் வர இன்னும் பதினாறு நாள், அதுவரை பொறுக்கலாமா என்று கேட்டேன். "பொறுத்துட்டு வந்தா விரல் இருக்கும்னு நான் வாக்கு தர முடியாதும்மா" என்றார். கீரிப்பாறையில் ரப்பர் வெட்டிவிட்டு வந்த அப்பாவிடம் சொன்னேன். "எண்பது பேருக்க மொகத்தப் பாத்தான், நம்ம மொகத்தப் பாக்கலியே" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோற்றை மூடி வைத்துவிட்டார். நான் ஜெபிக்க உட்கார்ந்தாலும் வார்த்தை வரவில்லை மக்கா. ஒன்றும் நடக்கவில்லை என்று ஸ்தோத்திரம் சொன்ன வாய் இது.

அதனால் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். மலரின் கடைசிப் பக்கத்தில் பெரிய அதிகாரியின் விலாசம் இருந்தது. நடந்ததை எல்லாம் ஸ்டெனி இங்கிலீஷில் எழுதி, விரலின் படத்தையும் சேர்த்துவிட்டாள், நானும் அப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதையும் இதையும் இன்றைக்கு ஒன்றாகவே ஸ்பீட் போஸ்டில் போடுகிறோம், இது உன் கையில் கிடைக்கிற அன்று அதுவும் ஆபீசில் கிடைக்கும். அவர்கள் பிரித்துப் படித்து உன்னைக் கூப்பிடும் முன்னே நீயே போய்ச் சொல்லிவிடு, உன் வாயால் சொன்னது என்று இருக்கட்டும். கேன்டீனில் யாரும் பக்கத்தில் இருக்கவில்லை என்றால் முருகதாஸ் இருப்பான், நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். காலில் தையல் போட்ட அந்தப் பையன் இன்னும் வேலையில் இருந்தால் நீ போய் அவன் பக்கத்தில் இரு. என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் படு, ஊருக்கு வராமலும் இரு, பெரிய ஆஸ்பத்திரிக்கு மட்டும் இன்றே போ.

கர்த்தர் உன் கையைப் பிடித்துக்கொள்வாராக. எக்ஸ்ரே எடுத்தால் அந்தப் படத்தை உடனே அனுப்ப மறக்காதே.

உன்னைப் பெற்ற அம்மா,
நேசபாய்

அண்ணா, அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு வரி. தபால் ஆபீசுக்கென்று கிளம்பி அம்மா மூன்று தடவை வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள். இரண்டு கடிதத்தையும் நான்தான் போய்ப் போடப் போகிறேன். ஸ்டெனி.