பெயருக்குப் பின்னால் கனடா

இந்த லொட்ஜ் அறை முழுக்கப் பெயின்ட் நாற்றம். எல்லாம் உன்னுடைய பனரால் வந்தது. கொட்டாஞ்சேனையில் உங்கள் ஒழுங்கை முகப்பில், லைட் போஸ்டில் கட்டியிருந்ததை நேற்றுப் பின்னேரம் நானே முப்பதடி ஏணி வைத்து ஏறி அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டேன். வெள்ளவத்தையில் என் கட்டிலில் விரித்துக் கிடக்கிறது. படத்தில் நீ சிரிக்கிறாய். சிரி, உனக்கென்ன.

மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே கூட்டாளிமாரின் பெயர்கள். எல்லாருக்கும் வெறும் பெயர். கடைசியாக என் பெயர், அதற்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் கனடா.

கனடாவாம்! நான் அங்கே இருந்தது ஆறு கிழமை. அதில் பாதி, முன்னமே போய் என்னைக் கூப்பிட்ட மனிசியின் கம்பளிக்குள். "விசா முடியப்போகுது, ஒருக்காப் போய்க் கால வச்சு லாண்டிங் அடிச்சிட்டு வா, பிறகு வந்து ஆறுதலாச் சாமான் கட்டலாம்" என்று என்னைப் பிடித்துத் தள்ளியவன் நீ. கொச்சிக்கடைக் கிட்டங்கியில் முப்பது வருடம் உன்னோடு மூட்டை ஏற்றி இறக்கியவனுக்கு ஆறு கிழமை இருந்த இடம் ஊராகிவிடுமா?

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் எங்கள் ஆட்களின் செத்தவீட்டு அறிவித்தல்களை வாசித்தே பாதி உலகப்படம் படித்தவன். லண்டன், ஜேர்மனி, நோர்வே என்று பெயருக்குப் பின்னால் போட்டால் என்ன கருத்து? ஆள் தூரத்தில், வரமாட்டார், பெட்டி தூக்கத் தோள் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாயே, மச்சான்.

கனடாவில் இறங்கி லாண்டிங் பதிந்த அன்று உனக்குத்தான் முதல் போன் பண்ணினேன். எயார்போட்டில் வெள்ளைக்கார ஆபீசர் என் பேப்பரைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பிக் கை தந்தார், பின்னால் நின்ற நானூறு பேரும் கைதட்டினார்கள் என்று சொன்னேன்.

"குறை மச்சான், குறை."

"சரி, ஒரு நாப்பது பேர்."

"இன்னும் குறை."

"ஒரு பிலிப்பைன்ஸ் மனிசி என்னைப் பாத்துச் சிரிச்சவள்."

"இப்ப நம்புறன்" என்றாய். உடனே இருமினாய். என்னடா என்று கேட்டதற்கு, "ஒண்டுமில்லை, ஏசிக் குளிர்" என்றாய். உன் வீட்டில் சுற்றுகிற ஒரு ஃபானுக்கே நாங்கள் இரண்டு பேரும் அடிபடுவோம், அங்கே ஏசி எங்கிருந்து வந்தது? ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, நெஞ்சில் வயரைக் கொழுவிக்கொண்டு, என் கதையைக் குறைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். வாழ்நாள் முழுக்க நான் சொன்ன பொய்யெல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு பொய்க்குக் கிட்டவும் வராது.

நேற்று உனக்கு முப்பத்தொன்றாம் நாள். அடக்கத்தைத் தவறவிட்ட நான் இதற்குத்தான் வந்து சேர்ந்தேன். சாமியார் வந்து செபம் சொல்லிவிட்டுப் போனார். பந்தியில் இலை போடலாம் என்று எழும்பினேன். உன் மனிசி என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்தி, தட்டில் வைத்துக் குளிர்ச் சோடா தந்தாள். அந்த வீட்டுக் குசினியில் நானே தேத்தண்ணி போட்டுக் குடித்தவன்! வந்தவர்கள் எல்லோருக்கும் என்னிடம் ஒரே கேள்வி: "எப்ப வந்தனீங்கள், எப்ப போறீங்கள்?" எனக்குச் சோடாப் போத்தலைப் போலவே பொங்கியது.

உன் மூத்தவளைக் கூப்பிட்டேன். "ஆரடி எனக்குக் கனடா போட்டது? சித்தப்பனா, பிரின்டிங்காரனா? இண்டைக்கு அவன்ர பிரசை உடைக்கிறன்."

"அப்பாதான் மாமா."

"எந்த அப்பா?"

"எனக்கு எத்தினை அப்பா? ஆஸ்பத்திரியில இருந்தே சொன்னவர். 'எனக்கு ஏதும் நடந்தா அவன் ஓடி வருவான். வந்தா, பிள்ளையள ஆர் பாக்கிறது, அம்மாவுக்கு ஆர் துணை எண்டு சொல்லிக்கொண்டு இஞ்சயே குந்திடுவான். பேருக்குப் பின்னால கனடா எண்டு போடு. கோவத்திலயாவது திரும்பிப் போவான்' எண்டவர்."

எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஏனென்றால் நான் அந்த எண்ணத்தோடுதான் பிளேன் ஏறினேன். இங்கே மட்டக்குளியில் ஒரு வாடகை அறைக்கும் சொல்லிவைத்துவிட்டேன். மனிசியிடம் மட்டும்தான் சொல்லவில்லை.

என் மனிசிக்கு வக்காலத்து வாங்க உனக்கு என்ன உரிமை என்று உன் படத்தைப் பார்த்துக் கேட்க வாய் திறந்தேன். அதற்குள் உன் மனிசி குவைத்தில் வேலை செய்த காலம் ஞாபகம் வந்துவிட்டது. ஞாயிறு பின்னேரம் கொமினிக்கேஷன் கடையில் கோல் எடுக்க வரிசையில் நிற்பாய். அதற்கும் குளித்து, பவுடர் போட்டு, வெள்ளைச் சேட்டு. "போனில முகமே தெரியாது, என்னத்துக்கடா இந்த எடுப்பு?" என்று கேட்பேன். "என்ன சேட்டுப் போட்டிருக்கிறாய் எண்டு அவள் கேப்பாள். எனக்கு உன்னை மாதிரிப் பொய் சொல்ல ஏலாது."

சோடாத் தட்டை எடுக்க வந்த உன் மனிசியும் அதைத்தான் தொட்டாள். "வாறன் வாறன் எண்டு சொல்லி எத்தினை வருசம் அவரைக் காக்க வச்சனான் அண்ணா. ஒரு நாளும் கோவிக்கேல்ல மனுசன். அதுதான் எனக்கு இப்பவும் சுடுது. நீங்கள் கனடாவில நிக்கிற அக்காவுக்கு அப்பிடிச் செய்யாதையுங்கோ. எங்களப் பாக்க எங்களுக்குத் தெரியும்."

எனக்கே புத்தி சொல்கிறாள்! அந்த ஆத்திரத்தில்தான் போய்ப் பனரை அவிழ்த்தேன். "மாமா, கதிரை ஆடுது, விழுந்திடாதையுங்கோ" என்று உன் மூத்தவள் என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏணியைக் கதிரை என்கிறாள், உன் பிள்ளைதானே.

இன்று காலை மனிசிக்குக் கோல் எடுத்தேன்.

"வெள்ளிக்கிழமை வாறன்."

"எயார்போட்டுக்கு வரட்டே?" என்றாள்.

"என்னத்துக்கு? அங்கத்தை ரோட்டெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு."

"பால் வாங்கப் போய்ப் பக்கத்துப் பில்டிங்கில ஏறி, ஆரின்ரையோ கதவைத் தட்டின ஆள் நீங்கள். பேசாமல் வெளிய வாற வாசல்ல நில்லுங்கோ. நான் வாறன்."

சிரித்துவிட்டேன். சிரித்த கையோடு இன்னும் கோபம் வந்தது. இதை யாருக்குச் சொல்ல? உன்னிடம் சொன்னால் நீ அவள் பக்கம் நின்றிருப்பாய்.

உன்னை நான் மன்னிக்கவில்லை, கேட்டுக்கொள். எந்த வார்ட், எத்தனையாம் கட்டில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த பிளேனில் வந்திருப்பேன். கனடா போனால் போகட்டும் என்று வந்திருப்பேன். அது உனக்குத் தெரியும். அதனால்தான் நீ சொல்லவில்லை. அந்தக் கோபத்தை அப்படியே கொண்டுபோகிறேன், ஆற விடமாட்டேன். அது ஆறிவிட்டால் உன்னோடு கதைக்க எனக்கு வேறென்ன இருக்கிறது?