பாதி லாரித் தண்ணீர்

அண்ணே,

இன்று காலை எதிர்க் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வந்தது. ஈர ரப்பர் குழாயின் வாடை எங்கள் மாடி வரை ஏறியது. காபியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். ஓட்டுநர் யாரோ. நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

நீங்கள் லாரி ஓட்டிய அந்தக் கோடையில் மேனாம்பேட்டில் எங்கள் குடியிருப்பின் போர்க்கிணறு வற்றிவிட்டது. மூன்று நாளாக லாரியும் இல்லை. சங்கச் செயலாளன் என்று எல்லோரும் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள். லாரியைக் கையோடு கூட்டிவர, தண்ணீர் நிரப்பும் நசரத்பேட்டைக்கே வந்து, உங்கள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். ஒரு தோப்பின் போரில் நிரப்பிக்கொண்டு வெளியே வந்தால், சாலை முனையில் காலிக் குடங்களை வைத்துப் பெண்கள் மறித்து நின்றார்கள்.

"எங்க கெணறு காஞ்சி கீது. எங்க ஊர்த் தண்ணி எங்க போவுது?" என்று ஒருத்தி கதவைத் தட்டினாள். இன்னொருத்தி முன்சக்கரத்துக்குக் கல்லை முட்டுக்கொடுத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போற தண்ணிம்மா, வழி விடுங்க" என்றேன் நான்.

கூட்டம் தயங்கியது. கல் வைத்தவளே அதை எடுக்கக் குனிந்தாள். நீங்கள் இன்ஜினை அணைத்தீர்கள்.

"இல்லம்மா. அபார்ட்மென்ட்டுக்குப் போவுது."

கண்ணாடியில் ஒரு செருப்பு வந்து விழுந்தது. நான் கதவைப் பூட்டிக்கொண்டேன். நீங்களோ இறங்கிப் போய்ப் பின்பக்க வால்வைத் திறந்தீர்கள். "பாதி நீங்க புடிச்சிக்கங்க. பாதி அங்க போவட்டும். அங்கயும் கொயந்தைங்க கீது."

திரும்பும் வழி முழுக்க நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. மறுநாளே லாரி முதலாளி உங்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். பாதித் தண்ணீர் என்ன ஆயிற்று என்று குடியிருப்பில் கேட்டவர்களிடம், வால்வு ஒழுகிவிட்டது என்றேன்.

அடுத்த மழைக்குள் சங்கத்தில் சண்டை போட்டு, மொட்டைமாடித் தண்ணீரை நிலத்துக்குள் இறக்க வைத்தேன். இன்று எங்களுக்கு லாரி தேவையில்லை. அதை உங்களிடம் வந்து சொல்லத்தான் முகமில்லாமல் போயிற்று.

துக்கம் கேட்கப் போனபோது, மேனாம்பேடு என்றதுமே உங்கள் மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த அபார்ட்மென்ட் சாரா? 'பயத்துல ஒரு வார்த்த சொல்லிட்டாரு, கெட்டவரு இல்ல'ன்னு சொல்லிகினே இருப்பாரு."

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணே, அந்தப் பொய்யை நான் பயத்தில் சொல்லவில்லை. அப்போது பயமே இல்லை. அந்தத் தண்ணீர் எங்களுடையது என்று நம்பித்தான் சொன்னேன். இதை உயிரோடிருந்த உங்களிடமும் சொல்லவில்லை, உங்கள் மனைவியிடமும் சொல்லவில்லை.