ஒரு கட்டை இடப்பக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. மாமாவின் முழங்கால் தேறிவருவதைப் படித்து நிம்மதி. மாடிப்படி ஏறாதீர்கள் என்று சொன்னால் அவர் கேட்கப் போவதில்லை. நீ இல்லாத நேரத்தில் ஏறாமலாவது பார்த்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. எல்லோரும் என்றால் நானும் ஒழுகுகிற குளியலறைக் குழாயும்தான். இரண்டு பேருமே சரியில்லை.

நான் இசையமைத்த நிகழ்ச்சியை வீட்டோடு உட்கார்ந்து பார்த்ததாகவும், தேம்பித் தேம்பி அழுததாகவும், "என் தங்கச்சி வாசிச்சதாக்கும்" என்று பக்கத்து வீட்டாரிடம் பீற்றிக்கொண்டதாகவும் எழுதியிருந்தாய். அந்த இடத்தைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். உன் மேல் கோபமில்லை. உன்னை அழவைத்தது எது என்று எனக்குத் தெரியும், அதனால்தான்.

நான் வேலை செய்த இடத்தைப் பற்றி உனக்கு விவரமாக எழுதியதில்லை. யாரையாவது பறிகொடுத்தவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் படமெடுப்பார்கள். நான் அந்த முகங்களைத் திரையில் பார்த்துக்கொண்டே பியானோவில் பின்னணி வாசிப்பேன். ஜன்னல் இல்லாத அறை; பத்துப் பேர் காதில் மாட்டி எண்ணெய்ப் பிசுக்கேறிய ஹெட்போன். தயாரிப்பாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'கைக்குட்டை'. எந்தக் காட்சியையும் அவர் கைக்குட்டைக் கணக்கில்தான் அளப்பார். "இது ஒரு கைக்குட்டை தேறும். இன்னொண்ணு வேணும்" என்பார், வாயில் பிஸ்கட்டோடு. திரையில் அழுகிறவர்களின் முகத்தில் துகள் தெறிக்கும். கையால் துடைத்துவிட்டு அடுத்ததைக் கடிப்பார்.

நீ பார்த்தாயே, அந்தத் தையல்கார அம்மா. அவருடைய ஒரே மகன் எலெக்ட்ரீஷியன். கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் மாடிப்படி இடிந்து விழுந்து இறந்துபோனவன். அந்த அம்மா படப்பிடிப்பில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, அக்கா. சிரித்தார். மகன் முதல்முதலாக இஸ்திரிப்பெட்டியைப் பழுதுபார்த்த கதையைச் சொன்னார். வீடு மொத்தமும் மின்சாரம் போய்விட்டதாம். இருட்டுக்குள்ளிருந்து அவன், "அம்மா, பெட்டி சரியாயிடுச்சு, வீடுதான் ரிப்பேர்" என்றானாம். சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் நேராகக் கேமராவைப் பார்த்துச் சொன்னார்: "படி விரிசல் விட்டிருக்குன்னு அவன் ரெண்டு தடவை சொன்னான். முதலாளி காதுலயே வாங்கிக்கல."

அதற்கு நான் முதலில் வாசித்தது மேஜரில், வெளிச்சமான சுரங்களில், மிக எளிமையான ஒரு மெட்டு. சிரிப்புக்கு இடம்விட்டு, அந்தக் கடைசி வாக்கியத்துக்கு முன்னால் நிறுத்தியே விட்டேன். கைக்குட்டை உதட்டைப் பிதுக்கினார். "பெத்த தாய் சிரிச்சா எவன் பார்ப்பான்? சோகமா, மைனர்ல போடு. நிறுத்தாதே, கடைசி வரைக்கும் ஓடட்டும்" என்றார்.

நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து பியானோ படித்ததுதான். மூன்றாவது சுரத்தில் இருக்கும் விரலை ஒரு கட்டை இடப்பக்கம் தள்ளினால் மேஜர் மைனராகிவிடும். வெயிலடிக்கிற அறையில் திரையை இழுத்துவிட்ட மாதிரி. அந்த ஒரு அடிக்கு வந்துசேர நாம் வாசித்த பெரிய இசையமைப்பாளர்கள் எத்தனை பக்கம் காத்திருப்பார்கள்! மைனரில் துள்ளுகிற நடனங்களையும் வாசித்திருக்கிறோம், மேஜரை விட்டு நகராமலே நெஞ்சைப் பிழிகிற மெதுவான பகுதிகளையும் வாசித்திருக்கிறோம். நான் இருந்த இடத்தில் அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. மேஜர் என்றால் நல்லவர், மைனர் என்றால் பாவப்பட்ட ஜென்மம். மனிதர்கள் மேல் முத்திரை குத்துகிற வேலை அது.

விரலைத் தள்ளினேன். வேகத்தைக் குறைத்து, இடக்கையை அடிமட்டத்துக்குக் கொண்டுபோனேன். திரையில் அதே முகம், அதே சிரிப்பு. ஆனால் இப்போது அது புத்தி பேதலித்த ஒருத்தியின் சிரிப்பாக இருந்தது. விரிசலைப் பற்றி அவர் சொன்னது ஒப்பாரியின் கடைசி வரியைப் போல இசைக்குள் அமுங்கிப்போனது. அடுத்து கட்டடத்தின் முதலாளி வந்து, "என் குடும்பத்துல ஒருத்தனை இழந்த மாதிரி இருக்கு" என்றார். அவருக்கு மட்டும் மைனரிலிருந்து மேஜருக்கு ஏறச் சொன்னார்கள். ஏறினேன். மேகம் விலகுகிற மாதிரி, அவ்வளவு வழவழப்பாக. வாசித்து முடித்ததும் "சபாஷ்" என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன், அக்கா. கைக்குட்டையின் வாயைவிட அந்தச் சபாஷ்தான் இன்றைக்கு எனக்கு அதிகமாக அருவருக்கிறது.

ஒளிபரப்பாகிப் பத்தாம் நாள் அந்த அம்மா ஸ்டூடியோவுக்கு வந்தார். "பியானோ வாசிச்சவங்களைப் பார்க்கணும்" என்று வரவேற்பறையில் கேட்டிருக்கிறார். பாராட்ட வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன். என் புத்தியைப் பார்!

விபத்தை விசாரிக்கும் அதிகாரி அவர் வீட்டுக்கு வந்திருந்தாராம். அவரும் நிகழ்ச்சியைப் பார்த்தவர். குழந்தையிடம் பேசுவதுபோல மெல்லப் பேசினாராம். விரிசல் விஷயத்தைச் சொன்னபோது பேனாவைத் திறக்கவே இல்லையாம். "நீங்க ஓய்வெடுங்கம்மா. வீட்டுல வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாராம். தெருவில் இருப்பவர்களும் துணி தைக்கக் கொடுக்கத் தயங்குகிறார்களாம். கத்தரிக்கோல் பிடிக்கிற கையாயிற்றே என்று பயமாம்.

"நான் நல்லாத்தானே பேசினேன்? டிவியில பார்த்தா எனக்கே என்னைப் பார்க்க பயமா இருக்கு. என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்.

சொல்லி விளங்கவைக்க முடியவில்லை. அறைக்குக் கூட்டிப்போய், அவர் பேசியதை முதலில் இசையே இல்லாமல் போட்டேன். பிறகு மேஜரில், பிறகு மைனரில். மூன்று தடவையும் அசையாமல் பார்த்தார். எந்த இடத்தில் மாற்றினீர்கள் என்று கேட்டார். காட்டினேன். ஊசி குத்தித் தழும்பேறிய விரலால் அந்தக் கட்டையை ஒருமுறை அமுக்கினார். "இவ்வளவுதானா?" என்றார். பிறகு விரலை எடுத்துக்கொண்டு, "அவன் நல்லா சிரிக்கவைப்பான்மா. அதைச் சொல்லத்தான் அன்னைக்குப் படம் எடுக்க வந்தேன்" என்றார்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் என் பாவத்தில் கொஞ்சம் குறைந்தது என்று நினைத்திருப்பேன்.

இசை சேர்க்காத பதிவை நகல் எடுத்துக்கொண்டு, மறுநாள் காலையில் அவரோடு விசாரணை அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். பதிவு ஓட ஆரம்பித்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். இஸ்திரிப்பெட்டிக் கதைக்கு அவரும் சிரித்துவிட்டார். விரிசல் என்ற வார்த்தைக்குப் பேனாவைத் திறந்தார். எந்தத் தேதி, யாரிடம் சொன்னான், கூட யார் இருந்தார்கள் என்று வரிசையாகக் கேட்டார். அந்த அம்மா ஒன்றுவிடாமல் சொன்னார், கூட வேலை செய்த இரண்டு பேரின் பெயர் உட்பட. முடிந்ததும் அதிகாரி, "அந்த மியூசிக் போட்டது யாரு?" என்றார். நான்தான் என்றேன். செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். சரியான பார்வைதான்.

அந்த இரண்டு பேரையும் விசாரித்தாகிவிட்டது. முதலாளியை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன ஆகும் என்று தெரியாது. அவர் பெரிய இடம்.

எனக்கு வேலை போய்விட்டது. பதிவை வெளியே கொடுத்தது துரோகம் என்றார் கைக்குட்டை. "உன்னைக் கலைஞர்னு நெனச்சேனே" என்றார், அதே பிஸ்கட் வாயோடு. அந்த ஹெட்போனை அவர் பிஸ்கட் தட்டின் மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரமாகப் பியானோவைத் திறக்கவில்லை. நேற்று நாம் நான்கு கையால் வாசிப்போமே, அந்த மெதுவான பகுதியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பாதியில் மைனருக்குத் திரும்புகிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். முன்பெல்லாம் அங்கே எனக்கு மூச்சு நின்றுபோகும். இப்போது எங்கிருந்தோ பிஸ்கட் வாசனை வருகிறது.

அந்த நிகழ்ச்சியை இனி யாருக்கும் போட்டுக் காட்டாதே. பக்கத்து வீட்டார் கேட்டால், அந்த அம்மா தெளிவானவர், நன்றாகச் சிரிக்கிறவர் என்று சொல். என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் வீட்டுப் பின்னறையில் மாமாவின் பழைய செய்தித்தாள்களைத் தவிர வேறெதுவும் இல்லை என்று ஒருமுறை எழுதியிருந்தாய். அவற்றை ஓர் ஓரமாக ஒதுக்கினால் பாய் விரிக்க இடம் இருக்குமா? அதிக நாள் இல்லை. உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் போல இருக்கிறது. நீ வாசி, நான் பக்கம் மட்டும் திருப்புகிறேன். முடியாது என்றாலும் உன் கைப்பட எழுது.

மாமாவுக்கு என் வணக்கம். உன் மகளுக்குப் பரீட்சை நல்லபடியாக முடியட்டும். அவள் வாய்விட்டுச் சிரித்தால் சிரிக்க விடு.

உன் பதிலை எதிர்பார்த்து,
தங்கை