கட்டைவிரல் திருகாணி

1938 ஜூலை 4, விழுப்புரம்

வக்கீல் ஐயா இன்று ஒரு புது இங்கிலீஷ் தொடர் சொன்னார்: ‘டர்ன் தி ஸ்க்ரூ.’ வழக்கம்போல நோட்டில் ஏற்றினேன். பொருள்: ஒருவரை நெருக்கிக் காரியம் சாதித்தல். பிறப்பு: எண்ணெய் மில்லில் மல்லாட்டையை (வேர்க்கடலையை)ப் பிழியும் திருகாணி. (என் ஊகம்.) மூன்று வருஷக் குமாஸ்தா வேலையில் இருநூறு தொடர் சேர்ந்துவிட்டது. கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 5

அந்தத் தொடர் யாருக்கு என்று இன்றுதான் தெரிந்தது. திண்டிவனத்து எண்ணெய் மில்லில் மேஸ்திரி அடித்து, கூலியாள் விருத்தாசலத்துக்கு ஒரு கண் போய்விட்டது. பார்த்த ஒரே சாட்சி அவன் பெண்சாதி பொன்னி. மில் முதலாளி எங்கள் கட்சிக்காரர். ‘அவரே தடுக்கி விழுந்தார்’ என்று பொன்னியிடம் கைநாட்டு வாங்கி வரவேண்டுமாம். “சவுரிராயா, உன் ஜனம்தானே, நீ சொன்னால் கேட்பாள்” என்றார் ஐயா.

ஜூலை 7

திண்டிவனம் போய் வந்தேன். சாட்சி சொன்னால் மில்லில் வேலை போகும், குடிசையும் மிஞ்சாது என்று பொன்னியிடம் சொன்னேன்.

“நீ படிச்சவன். எங்களுக்குக் கெடுதல் சொல்லுவியாண்ணா?”

கையை நீட்டினாள். மல்லாட்டை உடைத்துத் தேய்ந்த விரல், ரேகையே விழவில்லை. பிடித்து அழுத்தினேன். இரண்டு முறை.

“வலிக்கலண்ணா, நல்லா அழுத்து” என்றாள்.

ஜூலை 8

விரலில் ஒட்டிய மையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

ஜூலை 9

ஐயா சென்னைக்குப் போயிருக்கிறார். காகிதம் என்னிடம்தான் இருக்கிறது. அவர் அறையிலிருந்த பெரிய அகராதியைப் புரட்டினேன். மல்லாட்டையும் இல்லை, மில்லும் இல்லை. அந்தக் காலத்தில் அவர்கள் தேசத்தில், பிடிபட்டவனின் கட்டைவிரலை இரும்புக்குள் வைத்துத் திருகாணியை முடுக்குவார்களாம், வேண்டிய சொல் வரும்வரை. நோட்டில் நான் ஏற்றிய ‘ராக்’ என்பதும் அப்படித்தான், உடம்பைக் கட்டி இழுக்கும் மரச்சட்டம். எத்தனை தொடர்களை அழகென்று எழுதி வைத்திருக்கிறேன்!

என் நகக்கண்ணில் இன்னும் மை. நான் என்ன பண்ணிக்கினு இருக்கேன்? இரும்பு எதுக்கு — நான் ஒருத்தன் போதாதா?

ஜூலை 11

நேற்று பொன்னியைப் பார்த்து, நான் சொன்னது உன் நன்மைக்கு இல்லை என்று சொல்லி, அவள் எதிரிலேயே காகிதத்தைக் கிழித்தேன். இன்று ஐயாவிடமும் சொன்னேன். அவர் கத்தவில்லை. பீரோ சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 2, திண்டிவனம்

வேறு வேலை இன்னும் கிடைக்கவில்லை. கோர்ட்டில் கடைசி வரிசையில் நின்றேன். மேஸ்திரி அடித்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று பொன்னி சொன்னாள். எழுதியதை வாசித்துக் காட்டியபின், கோர்ட் குமாஸ்தா அவள் விரலைப் பிடிக்க வந்தார். கையை இழுத்துக்கொண்டாள்.

“உடுங்க. நானே வெக்கிறேன்.”

மையைத் தொட்டு அழுத்தினாள். போகும்போது என் பக்கம் திரும்பவில்லை.