கருகிய இடுக்கை யார் பூசச் சொன்னது?

அப்பா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். நீங்கள் வருவதற்குள் ஆறிப்போயிருக்கும். என் கோபம் ஆறியிருக்காது.

அந்த அட்டை வீட்டுக்கு யார் உங்களைப் பெயிண்ட் அடிக்கச் சொன்னது? காட்டுத்தீயில் பறந்து வரும் தீப்பொறி வீட்டுக்குள் எந்த வழியாக நுழைகிறது என்று கண்டுபிடிக்க எங்கள் குழு செய்த மாதிரி அது. மின்விசிறி வைத்துத் தீப்பொறியை ஊதிவிட்டோம். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் பற்றிக்கொண்டது. அந்தக் கருகலைக் காட்டித்தான் அடுத்த மாதிரியை எப்படி மாற்றிச் செய்வது என்று இன்று வகுப்பில் பேச வேண்டும். நீங்களோ இடுக்கில் பட்டி பூசி அடைத்து, வெள்ளையும் அடித்துவிட்டு, "புதுசு மாதிரி ஆக்கிட்டேன் பாரு" என்று சிரிக்கிறீர்கள். டீச்சரிடம் நான் எதைக் காட்டுவது, உங்கள் கைவேலையையா?

மின்விசிறியை வாங்கிப்போக என் தோழி வருவாள். அதில் சாம்பல் இருக்கும். தயவுசெய்து துடைத்து வைக்காதீர்கள்.

பி.கு.: காட்டோரம் இருக்கும் நம் வீட்டுக் கூரைக்குக் கீழேயும் அதே இடுக்கு இருக்கிறது. தீப்பொறி நுழையாமல் கம்பி வலை அடிக்கச் சொல்லிப் போன கோடையிலிருந்து கெஞ்சுகிறேன். "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்மா" என்கிறீர்கள். அட்டை வீட்டுக்கு மட்டும் ஒரே நாளில் நேரம் கிடைத்துவிட்டது. அந்த அட்டை வீட்டுக்குள் யாரும் படுத்துத் தூங்குவதில்லை, அப்பா.