அம்மாவுக்குப் படைத்த கணவாய்க் கறி

என் ஆசை அம்மா,

மோர்டன் மீன்கடையில் நின்றபோதுதான் எனக்குத் திக்கென்றது. நீங்கள் கண்மூடிய எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவுக்கு, நீங்கள் விரும்பிச் சாப்பிட்ட மீன், இறைச்சியெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டும். உங்களுக்கு என்ன விருப்பம் என்றே எனக்குத் தெரியவில்லை. எங்கள் தட்டுகளை நிரப்பிவிட்டு, மிஞ்சிய மீன்தலையோடு நீங்கள் சாப்பாட்டை முடித்துவிடுவீர்கள். அப்பாவுக்குப் போன் எடுத்தேன். "கொம்மா எல்லாம் சாப்பிடுவா, பிள்ளை," என்றார்.

தெரிந்திருக்கக்கூடியவர் இன்னொருவர் இருந்தார். மூன்று வருடங்களுக்கு முன் மிச்சம் ஊர்ப் பக்கம் ஓடும் ட்ராமில் உங்களோடு கை கோத்து உட்கார்ந்திருந்த அந்த மனிதர். பின்னால் நின்ற என்னை நீங்கள் காணவில்லை. அன்றோடு நான் வீட்டுக்கு வருவதைக் குறைத்தேன். ஷிப்ட் என்று பொய் சொன்னேன். என் வீட்டில் என் கணவர் வேலையால் பிந்தி வந்தால் அவர் போனை எடுத்துத் துருவினேன், பாவம் மனுசன். நான் ஏன் வருவதில்லை என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. ஏன் அம்மா? எனக்குத் தெரியும் என்று உங்களுக்குத் தெரியுமா?

என் பையிலிருந்த உங்கள் போனில் 'சட்டன் அக்கா' என்றொரு பெயர். உங்களுக்குச் சட்டனில் எந்த அக்காவும் இல்லை. அது அவராகத்தான் இருக்கும் என்று கடை வாசலில் நின்றே அழைத்தேன். முதலில் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். "அம்மாவுக்கு என்ன சாப்பாடு விருப்பம்?" என்றுதான் வாயில் வந்தது.

"கணவாய், தங்கச்சி. நல்ல உறைப்பாய்," என்றார். குரல் உடைந்திருந்தது. தங்கச்சியாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அம்மாவை என்னைவிட அவர் அறிந்திருக்கிறாரே.

சமைத்துப் படைத்தேன். அப்பா இலையைப் பார்த்தார்.

"கொம்மாவுக்குக் கணவாய் விருப்பம் எண்டு ஆர் சொன்னது?"

"அம்மாதான்," என்றேன். உங்களுக்காக அவரிடம் நான் சொன்ன முதல் பொய்.

பிறகு சாப்பிடும்போது இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். "எனக்கும் விருப்பம்தானே. பிறகேன் இவ ஒருநாளும் சமைக்கேல்லை?"

அதுதான் அம்மா எனக்கும் தெரிய வேண்டும். கோபம் போய்விடவில்லை. ஆனால் கோபத்தைவிடக் கேள்விகள்தான் இப்போது அதிகம். உங்களிடம் கேட்காமலே மூன்று வருடத்தைப் போக்கிவிட்டேன். அப்பாவிடம் அப்படி இருக்கமாட்டேன். வாற ஞாயிறு போய், அவருக்கு வேறு என்னவெல்லாம் விருப்பம் என்று கேட்பேன்.

உங்களை அரைகுறையாய் அறிந்த,
உங்கள் மூத்த மகள்