நெய்ச்சொம்பில் தேங்காயெண்ணெய்

31-10-1997, வெள்ளி

தலைதீபாவளிக்கு வந்திருக்கும் மாப்பிள்ளை பால், தயிர், நெய் எதையும் தொடமாட்டார். கன்றுக்கு உரியதை நாம் எடுப்பது தப்பு என்பார். அதனால் இன்று பருப்புப் பூரணம் வைத்த ஒப்புட்டைத் தேங்காயெண்ணெயில் சுட்டேன். நன்றாகவே வந்தது. பரிமாறுவதில்தான் சங்கடம். மேட்டுப்பாளையத்திலிருந்து என் அண்ணன் வந்திருந்தார். மாப்பிள்ளை இலையில் நெய் விழாவிட்டால் மாமியாரைத்தான் பேசுவார்கள். தேங்காயெண்ணெயைச் சூடாக்கி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டு, நெய்ச்சொம்பில் ஊற்றி எடுத்துப்போய் எல்லோருக்கும் விட்டேன். மாப்பிள்ளையிடம் முன்பே சொல்லியிருந்தேன். சிரித்துக்கொண்டார்.

அண்ணன் ஒரு வாய் வைத்ததுமே, "நெய்யி நல்லா மணக்குது அம்மணி" என்றார்.

மாப்பிள்ளையின் கை இலையிலேயே நின்றது. அடுத்த ஒப்புட்டு வைக்கக் குனிந்தபோது மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க அத்தை, சொம்பக் கழுவுனீங்ளா?"

"கழுவிப்போட்டுத்தானுங்க மாப்பள ஊத்துனேன்" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

அவர் தலையாட்டினார். மூன்று ஒப்புட்டு சாப்பிட்டார். "உங்கம்மா எனக்காக எத்தன பாடுபடறாங்க பாரு" என்று மகளிடம் சொன்னாராம்.

வெள்ளிக்கிழமை நெய்ச்சொம்பைக் கழுவிக் கவிழ்க்கக் கூடாது என்பது நான் இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் இருக்கிற வழக்கம். துணியால் துடைத்தேன். இரண்டு தரம் நன்றாகத்தான் துடைத்தேன்.

நாளை சனிக்கிழமை, கழுவலாம். மாப்பிள்ளை எழுந்திருப்பதற்குள் கழுவிவிட வேண்டும்.